மரத்துக்கும் துக்கம் விசாரிக்கலாம்

ஐயா,

2023 மிக்ஜாம் புயலில் எங்கள் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அதிலிருந்து வானம் இருட்டினாலே தூக்கம் போய்விடுகிறது. வெப்பம், கடல்மட்டம் என்று படிக்கப் படிக்க, பிள்ளை பெற்றுக்கொள்வதே தப்போ என்று தோன்றுகிறது. அப்பாவிடம் சொன்னால், "போனை நோண்டுறதை நிறுத்து" என்கிறார். இது மனநோயா? டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

ச., சென்னை

அன்புள்ள ச.,

பிள்ளை விஷயம் உங்கள் சொந்த முடிவு, அதை விட்டுவிடுவோம். அப்பா சொன்னதுதான் என்னைத் தைத்தது. 2021இல் லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழொன்றில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டிருந்தார்கள். காலநிலை பற்றி மற்றவர்களிடம் பேசியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், தங்கள் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை என்றார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த சில நாளில் பேராவூரணிப் பக்கம் பெரியப்பா ஊருக்குப் போனேன். தென்னந்தோப்பு முழுக்க வேரோடு சாய்ந்து கிடந்தது. விழுந்த மரமொன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும், "எல்லாருக்கும்தான் போச்சு", "புதுசா வச்சா ஏழு வருஷத்துல காய்ச்சிடும்" என்றார்கள். அவருக்கு எழுபது வயது. மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. அது வேண்டியதுதான், குறை சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டு ஆத்தா ஒருத்திதான் அருகில் உட்கார்ந்து, "வாய்க்கால் ஓரத்துச் செவ்விளநீ மரமும் போயிடுச்சாய்யா?" என்று கேட்டாள். பெரியப்பா அப்போதுதான் அழுதார்.

ஒரு சாவு விழுந்தால் நமக்கு எல்லாம் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் "இன்னொன்று பெத்துக்கலாம்" என்று வாசலிலேயே சொன்னால் செருப்பு பறக்கும். பக்கத்தில் உட்காருவோம், எப்படி ஆச்சு என்று கேட்போம், போனவரைப் பற்றிப் பேசவிடுவோம். தோப்பு போனவனிடமும் ஏரி போனவனிடமும் மட்டும் ஏன் உடனே தைரியம் சொல்லக் கிளம்புகிறோம்? காது கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான். 2017இல் வறட்சியில் நொந்த நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தபோது, டிராமா என்று சிரித்தவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

சரி, உங்களையும் திட்டவேண்டும். கடிதம் முழுக்க உங்கள் தூக்கம்தான். அந்தத் தண்ணீரில் அப்பாவும்தானே நின்றார்? அவருக்கு என்ன போயிற்று என்று ஒருநாளாவது கேட்டீர்களா? போனைத் திட்டுகிறவர் தன் பயத்தையும் சேர்த்தே மூடிவைக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும், தண்ணீர் வாசற்படி ஏறியபோது அவருக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். பேச்சை மாற்றுவார். நாளைக்கும் கேளுங்கள்.

டாக்டரைத் தாராளமாகப் பாருங்கள் அம்மா. இத்தனை நாள் தூக்கம் கெட்டால் உடம்பு தாங்காது, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.