ஆறாம் வகுப்புக்கு ஈஃபில் கோபுரம் போதுமா? பிரெஞ்சு ஆசிரியர்களின் கேள்விகளும் என் பதில்களும்

6 முதல் 8-ம் வகுப்பு வரை பிரெஞ்சு சொல்லித் தருகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பண்பாடு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். இலக்கணச் சந்தேகங்களை இன்னொரு நாள் பார்ப்போம்.

மேடம், வாரத்துக்கு இரண்டு பீரியட்தான். பாடத்தை முடிப்பதே பெரும்பாடு, இதில் பண்பாட்டுக்கு நேரம் ஏது?

தனி பீரியட் தேவையே இல்லை. எண்கள் நடத்தும்போது, பிரெஞ்சுக்காரர்கள் கட்டைவிரலில் இருந்துதான் எண்ண ஆரம்பிப்பார்கள் என்று செய்து காட்டுங்கள். அவர்கள் எழுதும் 1-க்கு நீளமான மூக்கு இருக்கும், 7-க்கு நடுவில் ஒரு கோடு இருக்கும், போர்டில் அப்படியே எழுதுங்கள். மணி சொல்லித் தரும்போது, மதியம் 2.30-ஐ 14.30 என்றுதான் ரயில் நிலையத்திலும் பள்ளி அட்டவணையிலும் போடுவார்கள் என்று சொன்னால் அன்றைய பண்பாட்டுப் பாடம் முடிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வருடா வருடம் ஈஃபில் கோபுரம், குரோசான், மோனாலிசா என்று சார்ட் ஒட்டுகிறோம். பசங்க ஒட்டியதோடு மறந்துவிடுகிறார்கள். வேறு எங்கே தொடங்குவது?

அவர்கள் வயதுப் பிள்ளை ஒன்றின் பள்ளி நாளில் தொடங்குங்கள். 12 வயதுப் பிள்ளைக்கு 1889-ல் கட்டிய இரும்புக் கோபுரத்தைவிட இன்னொரு 12 வயதுப் பிள்ளை மதியம் என்ன சாப்பிட்டது என்பதில்தான் ஆர்வம் இருக்கும், அதில் தப்பும் இல்லை.

பிரான்சில் ஏறக்குறைய 11 வயதில் 'கொலேஜ்' சேர்வார்கள். நம் ஊர் காலேஜ் இல்லை, நடுநிலைப் பள்ளி. வகுப்பு எண் அங்கே இறங்கிக்கொண்டே வரும்: ஆறாவதில் சேர்ந்து, ஐந்து, நான்கு என்று வந்து மூன்றாவதில் முடிப்பார்கள், கடைசியில் 'பிரவே' தேர்வு. இதைச் சொன்னதும் வகுப்பே சிரிக்கும், சிரித்தால் மறக்காது. மதிப்பெண் 20-க்குத்தான். 2018-ல் வந்த சட்டப்படி பள்ளியில் செல்போன் பயன்படுத்தக் கூடாது. மதியம் கான்தீனில் முதலில் சாலட் மாதிரி ஏதாவது, அப்புறம் முக்கிய உணவு, பிறகு சீஸ் அல்லது தயிர், கடைசியில் பழமோ இனிப்போ என்று வரிசையாக வரும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வார லீவு, அதிலும் குளிர்கால லீவும் வசந்தகால லீவும் நாட்டை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்து வேறு வேறு தேதிகளில் வரும். எல்லாரும் ஒரே வாரத்தில் பனிச்சறுக்கு மலைகளுக்குக் கிளம்பிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்த டைம்டேபிளையும் நம் டைம்டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரெஞ்சில் வாக்கியம் அமைக்கச் சொல்லுங்கள்.

ஜனவரியில் 'கலெத் தே ருவா' என்ற கேக் வெட்டிக் கொண்டாடலாம் என்று ஆசை. எங்கள் பள்ளியில் முட்டை சேர்த்த எதற்கும் அனுமதி இல்லை.

அந்தக் கேக்கில் விஷயமே உள்ளே ஒளித்து வைக்கும் 'ஃபெவ்' என்ற குட்டிப் பொம்மைதான். துண்டு போட்டதும் வகுப்பில் சின்னப் பிள்ளை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, எந்தத் துண்டு யாருக்கு என்று அங்கிருந்தே சொல்லும். ஃபெவ் கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம். இதற்கு கேக்கே வேண்டாம். அட்டையில் வட்டம் வெட்டி, ஒரு துண்டின் பின்பக்கம் படம் வரைந்துவிட்டால் போதும். பல்லில் மாட்டும் பயமும் இல்லை. தென் பிரான்சில் பாதாம் பூரணம் வைத்த இந்தக் கேக்குக்குப் பதில் வளையமாகச் சுட்ட பன் ரொட்டி வைப்பார்கள், அதையும் சொல்லுங்கள். ஏப்ரல் 1-ம் தேதி முதுகில் காகித மீன் ஒட்டும் விளையாட்டை மட்டும் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பள்ளியில் முக்காடு, சிலுவைக்குத் தடையாமே என்று பசங்க கேட்கிறார்கள். தவிர்த்துவிடலாமா?

தவிர்க்காதீர்கள். 1905 சட்டம் அரசையும் தேவாலயங்களையும் பிரித்தது. 2004 சட்டம் அரசுப் பள்ளி மாணவர்கள் மதத்தைப் பளிச்சென்று காட்டும் அடையாளம் அணியக் கூடாது என்றது. கண்ணை உறுத்தாத சின்னச் சங்கிலிக்குத் தடை இல்லை, தனியார் பள்ளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இது சரியா தவறா என்று அங்கேயே இன்னும் சண்டை நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை.

நாங்கள் விழுப்புரத்தில் இருக்கிறோம் சார். புதுச்சேரி டூர் பண்பாட்டுப் பாடம் ஆகுமா? (சார் இல்லை, மேடம். பரவாயில்லை.)

ஆகும், மஞ்சள் சுவர் முன்னால் செல்ஃபி எடுப்பதோடு நிற்காவிட்டால். தெருப் பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் இருப்பதைக் குறித்துக்கொள்ளட்டும். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான். ஆனால் அது காலனி ஆட்சி, அழகான கட்டடம் மட்டும் இல்லை, அதை மறைக்க வேண்டாம்.

அப்புறம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு வாருங்கள். 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தபிறகு கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருமளவில் போனார்கள். இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். அது பிரான்சின் ஒரு மாவட்டம், செலவழிப்பது யூரோ, படிப்பது அதே கொலேஜ். பிரெஞ்சுக்காரர் என்றால் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் என்ற படத்தை உடைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

கன்னத்தில் முத்தமிட்டு வணக்கம் சொல்வதை எப்படி நடத்துவது? பசங்க கேலி செய்கிறார்கள்.

வாயால் சொல்லுங்கள், செய்து காட்ட வேண்டாம். எத்தனை முறை என்பது ஊருக்கு ஊர் மாறும். அதைவிடக் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் பொருள் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்பது ரொம்ப முக்கியம். கடைக் காட்சி நாடகம் போடுங்கள், போன்ஜூர் சொல்ல மறந்தவருக்குப் பொருள் கிடையாது.

பிரான்ஸ் பள்ளி ஒன்றோடு கடிதம் எழுத வைக்க ஆசை. எப்போது ஆரம்பிக்கலாம்?

ஆசிரியர் வழியாக மட்டும் அனுப்புங்கள், பிள்ளைகளின் வீட்டு முகவரி வேண்டாம். நமக்கு ஜூனில் பள்ளி திறந்த உற்சாகத்தில் எழுதிவிடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் அங்கே கோடை லீவு, செப்டம்பரில்தான் திறப்பார்கள்.