75,000 ரூபாய் கட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள அம்மா,

சேலத்திலிருந்து நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். மகள் பி.இ. சிவில் கடைசி செமஸ்டர். கட்டடம் தாங்குமா என்று கணக்குப் போடுகிற ஸ்ட்ரக்சுரல் பக்கம்தான் போவேன் என்கிறாள். ஈடாப்ஸ், ஸ்டாட் ப்ரோ, ரெவிட் என்ற மூன்று மென்பொருள்களையும் மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்து வேலையும் வாங்கித் தருகிறோம் என்று ஒரு பயிற்சி நிலையம் 75,000 ரூபாய் கேட்கிறது. வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

மென்பொருளே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தெரியாமல் இன்று எந்த டிசைன் ஆபீசிலும் காலம் தள்ள முடியாது. ஆனால் அதை ஓட்டுவதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். அது கொடுக்கிற விடை சரியா என்று பார்த்துச் சொல்கிற ஆளைத்தான் தேடுகிறார்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இப்படி ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு நேர்காணலுக்குப் போனான். கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, 4 மீட்டர் பீம், இரண்டு முனையிலும் சும்மா உட்கார்ந்திருக்கிறது, மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சுமை, நடுவில் மொமென்ட் (பீமை வளைக்கும் திருப்புவிசை) எவ்வளவு என்று கேட்டார்கள். 40 கிலோநியூட்டன் மீட்டர். அரை நிமிடக் கணக்கு, கல்லூரியில் ஆரம்பத்திலேயே நடத்துவது. அவனுக்கு வரவில்லை. சுமையை டன்னில் போட வேண்டிய இடத்தில் கிலோநியூட்டனில் போட்டால் விடை கிட்டத்தட்ட பத்து மடங்கு தப்பும். மென்பொருள் அதையும் அழகான வண்ணப் படத்தோடு காட்டும், மூச்சு விடாது.

அதனால் மகளை முதலில் கைக்கணக்கில் உட்காரச் சொல்லுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் தளத்தில் ஐஎஸ் நெறிமுறைகளை இலவசமாகவே தருகிறது. காங்கிரீட்டுக்கு ஐஎஸ் 456, சுமைகளுக்கு 875, நிலநடுக்கத்துக்கு 1893, கம்பி விவரங்களுக்கு 13920. ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் என்ற இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. மென்பொருளை இதோடு சேர்த்துக் கற்றுக்கொண்டால் போதும்.

இன்னொன்று கேட்டிருந்தீர்கள்: "பெண் பிள்ளை, ஆபீசிலேயே உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கிடைக்காதா?" கிடைக்கும். ஆனால் அதை மட்டும் தேட வேண்டாம் என்பேன். காரணம் சொல்கிறேன். தூணில் நிற்கிற கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம், ரிங், இருக்கிறதே, அதன் முனையை 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும், 8 மி.மீ. கம்பி என்றால் குறைந்தது 65 மி.மீ. வால் விட வேண்டும் என்கிறது ஐஎஸ் 13920. வரைபடத்தில் அது நகக்கண் அளவு கோடு. சைட்டில் கம்பி கட்டுகிறவருக்கு 90 டிகிரியில் மடக்குவது சுலபம், வேலையும் சீக்கிரம் முடியும். நிலம் குலுங்கும்போது தூணின் மேல்தோல் காங்கிரீட் உதிர்ந்துவிடும். 90 டிகிரி ரிங் அப்போது வாயைத் திறந்துகொள்ளும், நிற்கிற கம்பிகள் வெளியே பிதுங்கும். 135 என்றால் முனை உள் காங்கிரீட்டுக்குள் ஊன்றி நிற்கும். இதை ஒருமுறை சைட்டில் கையால் தொட்டுப் பார்த்தவள்தான் அடுத்த வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக வரைந்து காட்டுவாள். நம் ஊருக்கு எதற்கு பூகம்பக் கதை என்று நினைக்காதீர்கள். 2001 குஜராத் பூகம்பத்துக்கு அடுத்த ஆண்டு ஐஎஸ் 1893 நெறிமுறையைத் திருத்தியபோது சென்னையே இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது.

பெண்களுக்கு சைட் ஒத்துவராது என்று யாராவது சொன்னால், 1940களிலேயே கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்த பி.கே. த்ரேசியாவைச் சொல்லுங்கள். 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனவர். கழிப்பறை வசதி, இரவு நேர காங்கிரீட், திரும்பி வர வண்டி, இதையெல்லாம் சேரும்போதே கேட்டுவிட வேண்டும். கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

எம்.இ. சேரலாமா? கேட் (GATE) என்ற தேசிய நுழைவுத் தேர்வை எழுதித் தேறினால் யோசிக்காமல் சேருங்கள். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் (ஏஐசிடிஇ) உதவித்தொகையாக மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும், மதிப்பெண்ணும் மூன்று ஆண்டு செல்லும். அண்ணா பல்கலைக்கழகம் எம்.இ. சேர்க்கைக்கு நடத்தும் சீட்டா தேர்வு இன்னொரு வழி. இரண்டும் இல்லாமல், கடன் வாங்கிக் கட்டணம் கட்டித்தான் எம்.இ. என்றால், ஒரு வருடமாவது வேலை பார்த்துவிட்டுப் போகட்டும்.

வேலை என்றால் பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். ஐந்தாறு பேர் இருக்கிற டிசைன் ஆபீசாக இருந்தாலும் சரி, அவள் போடுகிற கணக்கை ஒரு மூத்தவர் சிவப்பு மையில் திருத்துகிறாரா என்று பாருங்கள். சம்பளம் ஐடியில் சேர்ந்த தோழியைவிடக் குறைவாகத்தான் வரும், முதல் இரண்டு தீபாவளிக்கு அது உறுத்தும். ஆனால் அந்த அனுபவம்தான் பின்னால் பதிவுக்கு உதவும். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டமைப்புப் பொறியாளரைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்கின்றன. வரைபடத்தில் போடுகிற கையெழுத்து அவருடைய பொறுப்பு. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பதிவு கிடைத்த பிறகும் படிப்பு ஓயாது. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் (எஸ்இஆர்சி) நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகள் வேலையில் இருப்பவர்களுக்காகவே.

அப்புறம், அந்தப் பயிற்சி நிலையத்துக்கு 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ரசீதை எடுத்துக்கொண்டு மகளோடு நேரில் போங்கள். "வேலை உறுதி" என்பதை லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள். அட்வான்சைத் திருப்பிக் கேட்க அதுதான் நல்ல நேரம்.