கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் ரைட் கிளிக் செய்தால் வரும் வட்ட மெனுவை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் பலர் அந்த வட்டத்தை வந்தபடியே விட்டுவிட்டு, ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் ஓரத்துப் பட்டியலுக்குப் போய் வருகிறார்கள். பென் டேப்லெட்டில் அது வெட்டி அலைச்சல். ஒரு கண்ணிமையை வரைந்துகொண்டிருக்கும்போது பேனாவைத் திரையின் கோடிக்கு இழுத்துப் போய்த் திரும்பினால் கையின் ஓட்டம் போய்விடும். வட்ட மெனுவோ பேனா முனை நிற்கிற இடத்திலேயே திறக்கும். டேப்லெட் டிரைவரில் பேனாவின் பக்கவாட்டுப் பட்டனுக்கு ரைட் கிளிக்கைக் கொடுத்துவிடுங்கள், முதல் வேலை அதுதான்.

வட்டத்தில் எந்த பிரஷ்கள் வர வேண்டும் என்பதை டேக்தான், அதாவது பிரஷ்களைத் தொகுத்து வைக்கும் பெயர்ச்சீட்டுதான், தீர்மானிக்கிறது. பிரஷ் பிரீசெட்ஸ் டாக்கரில், அதாவது பிரஷ்கள் வரிசையாக இருக்கும் அந்த ஓரத்துப் பட்டியலில், வேண்டிய பிரஷ்ஷின் மேல் ரைட் கிளிக் செய்து, புது டேக் ஒன்றில் சேர்க்கலாம். அப்புறம் வட்டத்தைத் திறந்து, அதிலுள்ள டேக் ஐகானை அழுத்தி அந்த டேக்கைத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பென்சில், வாட்டர்கலர் என்று வகை வகையாக டேக் போடாதீர்கள். ஒரே படத்துக்குள் நாலைந்து தடவை டேக் மாற்ற வேண்டி வரும். வேலை நடக்கிற வரிசைப்படி பிரிப்பதுதான் எனக்குச் சரிப்படுகிறது: ரஃப், கோடு, நிறம். கோடு டேக்கில் இரண்டு இங்க் பிரஷ்ஷும் ஓர் அழிப்பானும் மட்டும். ஒரே பிரஷ் பல டேக்கில் இருக்கலாம் என்பதால் அழிப்பானை மூன்றிலும் போட்டிருக்கிறேன்.

பிரஷ்கள் பெயரின் அகரவரிசையில்தான் வந்து உட்காரும். கிரிட்டாவோடு வரும் பிரஷ்களின் பெயர்கள் ஏ, பி, சி என்று எழுத்தோடு தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். பிரஷ்ஷைப் புதுப் பெயரில் சேமிக்கும்போது முன்னால் 01, 02 என்று போட்டால் வரிசை உங்கள் கையில். அழிப்பான் எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால், பார்க்காமலே கை அங்கே போகும்.

கான்ஃபிகர் கிரிட்டா என்ற அமைப்புகள் பகுதிக்குள் போனால் வட்டத்தில் எத்தனை பிரஷ் தெரிய வேண்டும் என்றும் சொல்லலாம். 30 வரை ஏற்றலாம்தான், ஆனால் ஐகான்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 12 தாண்டினால் எனக்கு மறுபடி தேடல் தொடங்கிவிடுகிறது.

பலர் கண்ணில் படாத ஒன்று, வட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறி. அதை அழுத்தினால் பக்கத்திலேயே பிரஷ்ஷின் அளவு, ஒப்பாசிட்டி (நிறம் எவ்வளவு அழுத்தமாக விழ வேண்டும் என்பது) போன்றவற்றுக்கான ஸ்லைடர்கள் விரியும். எந்த ஸ்லைடர் வேண்டும், எது வேண்டாம் என்பதையும் அங்கேயே மாற்றலாம். இது ஒவ்வொரு பிரஷ் இன்ஜினுக்கும், அதாவது பிரஷ் வேலை செய்யும் ஒவ்வொரு முறைக்கும், தனித்தனியாக நினைவில் இருக்கும். அதனால் நிறத்தைத் தேய்த்துக் கலக்கும் ஸ்மட்ஜ் பிரஷ்ஷுக்கு ஒரு தொகுப்பு, சாதாரண பிரஷ்ஷுக்கு வேறு தொகுப்பு என்று வைக்கலாம். நிறம் குழைக்கும்போது இதன் அருமை தெரியும்.

ஐபேடில் புரோகிரியேட் பயன்படுத்துபவர்களுக்கு இதே மாதிரி குவிக்மெனு உண்டு, அதில் ஆறு பட்டன்கள்தான். இடது கை கீபோர்டில் இருக்கும் ஆள் என்றால் கிரிட்டாவின் டென் பிரஷஸ் என்ற துணை நிரலையும் (பிளகின்) பாருங்கள். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் ஓர் எண்ணை அழுத்தினால் பிரஷ் மாறிவிடும், வட்டத்தைத் திறக்கவே வேண்டியதில்லை.