பழைய காரின் அடியில் ஆயில் சொட்டுகிறது. கியர்பாக்ஸை இறக்கி பின்பக்க ஆயில் சீல் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?

கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிப்பதற்கு முன்னால் பானட்டைத் திறந்து, டேப்பெட் கவரின் (இன்ஜினின் உச்சியை மூடியிருக்கும் கவர்) பின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் ஆயில் ஒட்டினால் அந்த வேலையை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் உங்கள் மெக்கானிக் அப்படிச் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தை அடைப்பதுதான் பின்பக்க சீல்; அது போனாலும் ஆயில் அங்கேதான் சொட்டும். ஆனால் டேப்பெட் கவர் பேக்கிங், கேம் ஷாஃப்டின் பின்முனை மூடி, டிஸ்ட்ரிபியூட்டரின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்), ஆயில் பிரஷர் சுவிட்ச் என்று எதில் ஒழுகினாலும் அது இன்ஜின் பிளாக்கின் பின்புறம் வழியாக இறங்கி அதே இடத்துக்கு வந்துவிடும். பின்பக்க சீலைத் தவிர மற்ற எதற்கும் கியர்பாக்ஸைத் தொட வேண்டியதில்லை.

ஆயில் கீழ்நோக்கி இறங்கும். வண்டி ஓடும்போது அடிக்கிற காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரமாக இருப்பதில் எது மிக மேலே, மிக முன்னால் இருக்கிறதோ அங்கே தேடுங்கள்.

முதலில், சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்று உறுதி செய்யுங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துவையுங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் இன்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர் அல்லது பவர் ஸ்டியரிங். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில்; அப்படியானால் ஒழுகுவது கியர்பாக்ஸின் சொந்த சீல். தண்ணீர் போல, பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட்.

அடுத்து கழுவ வேண்டும். பத்து வருட அழுக்குக்கு மேல் கசிவைத் தேடினால் எல்லா இடமும் கசிவாகத்தான் தெரியும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காற்று உறிஞ்சும் வாய், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றை பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) அடித்து 10 நிமிடம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் சாதாரண டால்கம் பவுடரைத் தூவி, 15 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, டார்ச்சோடு பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் ஒரு கோடு போலக் கறுத்து இறங்கும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் நீங்கள் தேடுவது. ஐடிலில் தெரியாவிட்டால் 20, 30 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சில கசிவுகள் ஆயில் நன்றாகச் சூடாகி இளகிய பிறகே வெளியே வரும். அப்போதும் பிடிபடவில்லையென்றால், ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா டார்ச்சும் இருக்கின்றன. இருட்டில் அடித்தால் கசிந்த தடம் பச்சை மஞ்சளாக மின்னும்.

எந்த பேக்கிங்கை மாற்றுவதானாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இதைச் செய்யாததால்தான் பலருக்கு மாற்றிய சீல் மூன்றே மாதத்தில் திரும்ப ஒழுகுகிறது. இன்ஜினை ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். வாயின் மேல் ஒரு மெல்லிய தாளை வையுங்கள். பெட்ரோல் இன்ஜின் ஆரோக்கியமாக இருந்தால் தாளை லேசாக உள்ளே இழுத்துப் பிடிக்கும். தாள் படபடத்து மேலே எழும்பினால் கிராங்க் கேஸுக்குள் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கீழறை) அழுத்தம் தேங்கியிருக்கிறது. அது எந்த பலவீனமான இடம் கிடைத்தாலும் ஆயிலை வெளியே தள்ளும். பெரும்பாலும் அந்த அழுத்தத்தை வெளியேற்றும் பி.சி.வி. வால்வோ அதன் குழாயோ கசடால் அடைத்திருக்கும். வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மாற்றிவிடுங்கள்; குழாயைக் கழுவுங்கள் அல்லது அதையும் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் தாள் எழும்பினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், கம்ப்ரெஷன் சோதனை தேவை. ‘டீசலுக்கு இது பொருந்தாது’ என்று யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: பழைய டீசலில் கொஞ்சம் ஊதுவது இயல்பு. மூடியைத் தூக்கி எறிகிற அளவுக்கு ஊதினால்தான் கவலை.

டேப்பெட் கவர் பேக்கிங்தான் கசிவு என்று தெரிந்தால், வீட்டிலேயே 2 மணி நேரத்தில் மாற்றலாம். பழைய ரப்பர் பேக்கிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். புதியதில் நகத்தால் அழுத்தினால் பதிந்து மீளும். பழையது பிளாஸ்டிக் போல இறுகி, சிலிண்டர் ஹெட்டில் உட்கார்ந்த பக்கம் தட்டையாகியிருக்கும். இதை இன்னும் இறுக்கி ஒழுகலை நிறுத்த முடியாது. ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால் பிளக் குழாய் சீல்களையும் சேர்த்தே வாங்குங்கள். அந்த ஆயில் பிளக் வயரின் ரப்பரை ஊறவைத்து மிஸ்ஃபயர் கொடுக்கும், அதாவது இன்ஜின் திணறும்.

ஹெட்டின் விளிம்பை பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுரண்டுங்கள். இரும்பு பிளேடு அலுமினியத்தில் கோடு போட்டால், அடுத்த கசிவு அந்தக் கோட்டின் வழியாகத்தான். பிறகு பிரேக் கிளீனர் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். தகரக் கவர் என்றால் போல்ட் துளையைச் சுற்றி உள்ளே குழிந்திருக்கும். தட்டையான இரும்பின் மேல் கவிழ்த்து, சின்னச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்யுங்கள். சிலிக்கான் பேஸ்ட் தேவைப்படுவது டைமிங் கவர் ஹெட்டோடு சேரும் மூலையிலும், அரைவட்ட மூடி உட்காரும் மூலையிலும் மட்டும். 2, 3 மி.மீ. பொட்டு போதும். சுற்றிலும் பூசாதீர்கள். பிதுங்கி உள்ளே போன சிலிக்கான் உதிர்ந்து சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இருக்கும் ஆயில் வடிகட்டி வலையில் போய் அடைக்கும். ஒழுகல் நின்றிருக்கும், ஆனால் ஆயில் கிடைக்காமல் இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாற்றி மாற்றி, மூன்று சுற்றில் இறுக்குங்கள். இந்த 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே முடிவு. மணிக்கட்டு பலம் போதும், தோள்பலம் வேண்டாம். சிலிக்கான் வைத்திருந்தால் டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பிரஷர் சுவிட்சின் வயர் சொருகியைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் இருந்தால் சுவிட்ச் போய்விட்டது. புதியதற்கு டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டாம்: ஒற்றை வயர் சுவிட்சுக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது, டேப்பின் துணுக்கு ஆயில் பாதைக்குள்ளும் போகலாம். சமீபத்தில் ஆயில் மாற்றிய பிறகு ஒழுகல் தொடங்கியிருந்தால் ஃபில்டரைக் கழற்றுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, புதியது அதன் மேல் உட்கார்ந்திருக்கலாம்.

முன்பக்க கிராங்க் சீல் என்றால், கிராங்க் முன்முனையில் பெல்ட் ஓடும் சக்கரத்துக்கு (புல்லி) பின்னால் ஆயில் வட்டமாகச் சிதறியிருக்கும். புது சீல் போடுமுன் புல்லியின் கழுத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் ஒரு பள்ளத்தில் சிக்கினால் புது சீலும் ஒழுகும். ரிப்பேர் ஸ்லீவ் (பள்ளத்தை மூடும் மெல்லிய உலோக உறை) ஏற்றுங்கள், அல்லது சீலின் உதடு பள்ளத்தில் படாதபடி 1 மி.மீ. தள்ளி உட்காரவையுங்கள். ரப்பர் உதட்டுக்கு ஆயில் தடவிப் போட வேண்டும், டெஃப்ளான் உதட்டை உலர்வாகப் போட வேண்டும். டைமிங் பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தால் துடைத்து மாட்டாதீர்கள், மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்து, மேலே எல்லாம் உலர்ந்திருக்க, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் அடியில் மட்டும் இன்ஜின் ஆயில் வந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி. அப்போது கியர்பாக்ஸ் எப்படியும் வெளியே வருகிறது, கிளச் தட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. சர்வீஸுக்கு விட்ட வண்டியின் அடித்தட்டைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் அனுப்புவதும், நாலு கிளிப்பில் ஒன்றை மட்டும் போட்டு அனுப்புவதும் சகஜமாகிவிட்டது. சேறும் கல்லும் நேராக பெல்ட்டில் அடிக்கின்றன. சம்ப் போல்ட்டை நீளக் குழாய் போட்டு இறுக்கி மரையைக் கெடுப்பதும், டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றுவதும் இதே அலட்சியம்தான். அதிக ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கும், சீல்கள் தாங்காது. வண்டியை எடுக்கும்போது குனிந்து பாருங்கள், டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அது உங்கள் உரிமை.

ஒழுகல் நிறுத்தும் திரவம் ஊற்றலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். இறுகிய ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்து, வியர்ப்பது போன்ற கசிவைச் சில மாதம் குறைக்கும். கிழிந்த சீலுக்கும் உடைந்த பேக்கிங்குக்கும் உதவாது.

எவ்வளவு அவசரம் என்பதை அட்டையில் விழும் சொட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மில்லிலிட்டருக்கே பல சொட்டு வரும், ஆனால் ஓடும்போது அழுத்தத்தில் போவது அட்டையில் தெரியாது. சமதரையில், இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்து, 500 கி.மீ.க்கு ஒரு முறை டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறித்துவையுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) ஆயில் விழுந்து புகைந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அது தீப்பிடிக்கும். வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து விட்டுப் போங்கள்.