போறப்ப தள்ளுற காத்து, வர்றப்ப மறிக்கிற காத்து

கேள்வி: மகன் ஸ்காட்லாந்துல இருக்கான், போயிருந்தப்ப ராயல் ட்ரூன் கோல்ஃப் மைதானத்துக்கு கூட்டிட்டுப் போனான். முதல் ஒன்பது குழில ஜம்முன்னு ஆடுறவங்க அடுத்த ஒன்பதுல திணர்றாங்களாம், ஒரே மைதானம்தானே, ஏன்? ஸ்கோர் அட்டைல வேற அவுட், இன்னு போட்டிருக்கு, கிரிக்கெட் மாதிரி அவுட்டா? – கண்டனூர் வாசகர்

பதில்: அண்ணே, ஆடி மாசம் காரைக்குடிக்கு சைக்கிள்ல போயிருப்பீங்க. போறப்ப எதிர்காத்துல நாக்கு தள்ளும், திரும்பி கண்டனூர் வர்றப்ப பெடல மிதிக்காமலே வண்டி ஓடும். ட்ரூன்ல இது அப்படியே தலைகீழ், அவ்வளவுதான். முதல் ஆறு குழி கடலோரமா ஒரே திசைல போகுது, வழக்கமா வீசுற காத்து முதுகுல தள்ளுது, நடுவுல மணல்மேட்டுக்குள்ள கொஞ்சம் சுத்திட்டு 13ல இருந்து கிளப் கட்டடத்தப் பாத்து திரும்புனா அதே காத்து மூஞ்சில அடிக்கும். அதான் வெளிய போற பாதி அவுட், வீட்டுக்கு வர்ற பாதி இன். யாரும் அவுட் ஆகல, பயப்படாதீங்க.

முன் ஒன்பதுன்னா சும்மா ஊதித் தள்ளிடலாம்னும் நினைக்காதீங்க. எட்டாவது குழி வெறும் 123 கெஜம்தான், ஆனா பந்து விழ வேண்டிய புல்தரை அவ்வளவு சின்னது, அதனால பேரே தபால்தலை. 1973ல பழைய சாம்பியன் ஜீன் சாரசன் 71 வயசுல அங்க ஒரே அடில பந்த குழில போட்டாரு. அதே குழில 1950ல ஒரு ஜெர்மன்காரர் 15 அடி அடிச்சாரு, பாவம்.

பின் ஒன்பதுல பெரிய வில்லன் 11வது. வலது பக்கம் ரயில் தண்டவாளம், இடது பக்கம் மஞ்சப்பூ பூக்குற முள்ளுப்புதர், நம்ம ஊரு சீமைக்கருவேலம் மாதிரின்னு வச்சுக்குங்க, உள்ள போன பந்த மறந்துடணும். 1962ல கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸே அங்க 11 தடவ அடிச்சாரு. ஆனா என்னக் கேட்டா ஜெயிக்கிறவன் யாருன்னு தெரியுறது இந்தப் பாதிலதான். கோல்ஃப்ல கம்மியா அடிச்சவன்தான் ஜெயிப்பான். ட்ரூன்ல நடந்த 2024 ஓப்பன் போட்டில ஜெயிச்ச ஷாஃப்லி கடைசி நாள் அடிச்ச 65 அடில பின் ஒன்பது மட்டும் 31, அங்க பார், அதாவது நல்ல ஆட்டக்காரர் அடிக்க வேண்டிய கணக்கு, 35. முன்னாடி காத்து குடுத்தத வாங்குறது பெருசில்ல, அது எல்லாருக்கும்தான் குடுக்குது.

கேள்வி: அப்ப ரெண்டு பாதியையும் இடம் மாத்தி வச்சா என்ன? – தேவகோட்டை வாசகி

பதில்: மாத்தியிருக்காங்க ஆச்சி, ட்ரூன்ல இல்ல, அமெரிக்காவுல அகஸ்டால. நம்ம வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுதுல்ல, முகப்ப பின்தெருவுக்கு கொண்டுபோன மாதிரி ஒரு வேலை. 1934ல அங்க முதல் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடந்தப்ப இப்ப இருக்குற பின் ஒன்பதுதான் முன்னாடி. பள்ளமான அந்தப் பக்கம் காலைல உறைபனி உருக லேட்டாகுதுன்னு 1935ல மாத்திட்டாங்க. பக்கத்துலயே தண்ணி கெடக்குற, இன்னைக்கு ஊரே மூச்சப் புடிச்சு பாக்குற 11, 12, 13வது குழிங்க அப்ப 2, 3, 4. தண்ணில பந்த விட்டவங்க எல்லாம் ஆட்டம் சூடு பிடிக்கிறதுக்கு முன்னாடியே விட்டுட்டு, மிச்ச நேரம் பூராவும் அதையே நெனச்சுக்கிட்டு ஆடியிருப்பாங்க.