பம்பருக்குள் ஏர் ஃபில்டர் இருக்கும் காரை மழை வெள்ளத்திலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: நாகர்கோவிலில் இருக்கிறேன். என் 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய கோல்டு ஏர் இன்டேக் (குளிர்ந்த காற்றை இழுக்கும் குழாயும் ஃபில்டரும்) மாட்டியிருக்கிறேன். ஃபில்டர் முன் பம்பருக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், தரையிலிருந்து ஃபில்டரின் அடிப்பாகம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து பாருங்கள். என் வண்டியில் 28 இருந்தது. நான் அதை அளந்தபோது எஞ்சின் ஏற்கெனவே போயிருந்தது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2021 நவம்பர். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் நிறைந்து உபரிநீர் திறந்து, குழித்துறைச் சப்பாத்து (தரைப்பாலம்) மூழ்கிக் கிடந்த நாட்கள். முன்சிறைப் பக்கம் வயலோரச் சாலையில் தண்ணீர் நின்றது. டயரில் பாதிகூட வராத ஆழம். எனக்கு முன்னால் ஒரு பைக் தாராளமாகக் கடந்து போனது. அந்த தைரியத்தில் நானும் இறங்கினேன். நடுவில் போகும்போது எதிரே கல் ஏற்றிய டிப்பர் ஒன்று வேகம் குறைக்காமல் வந்தது. அது தள்ளிய அலை என் பம்பரில் மோதி போனட் விளிம்பு வரை ஏறியது. யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல எஞ்சின் நின்றுவிட்டது.

நான் செய்த பெரிய தப்பு அதற்கு அப்புறம்தான். சாவியைத் திருப்பினேன். ‘ணங்’ என்று ஒரு சத்தம் கேட்டு ஸ்டார்ட்டர் இறுகியது. பதற்றத்தில் இன்னொரு தடவை திருப்பினேன். மற்ற சிலிண்டர்கள் பிடித்துக்கொள்ள, நாலைந்து நொடி தடதடவென்று ஓடி மறுபடி நின்றது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக் கொண்டுபோனபோது மெக்கானிக் அண்ணன் முதலில் கேட்டதே, “மக்கா, வெள்ளத்தில நின்ன பிறகு நீ ஸ்டார்ட் பண்ணினியா?” என்றுதான். எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட் ஒன்று வளைந்திருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உங்கள் 1.2 லிட்டர் எஞ்சினில் நாலு சிலிண்டர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 300 சிசி. கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 10 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் வெறும் 33 மில்லி. சாயா கிளாஸில் கால்வாசி இருக்கும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே போனாலும் பிஸ்டனுக்கு ஏற இடமில்லை. அதைத் தள்ளிக்கொண்டு வரும் ராட் வளையும், இல்லையென்றால் ஒடியும். டீசலில் விகிதம் இன்னும் கூடுதல் என்பதால் இடம் இதைவிடக் குறைவு. அதே 1.2 லிட்டர் எஞ்சின், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து 2000 ஆர்பிஎம்மில் ஓடினால், நிமிடத்துக்கு 1200 லிட்டர் வரை காற்றை இழுக்கும். அந்த இழுப்பில் ஃபில்டர் தண்ணீருக்குள் ஒரு நொடி முங்கினாலும் போதும்.

கம்பெனிக்காரர்கள் காற்று இழுக்கும் வாயை ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், போனட் விளிம்பை ஒட்டி உயரத்தில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் குளிர்ந்த காற்று வேண்டும் என்று அதைக் கீழே இறக்கிவிட்டோம். ஆகவே என் முதல் யோசனை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: பழைய பாக்ஸையே திரும்ப மாட்டுங்கள். வேறு ஊர்க்காரர்கள் மழைக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். நம் மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் தென்மேற்கும் பெய்யும், அக்டோபரிலிருந்து வடகிழக்கும் பெய்யும். மழைக்கு மட்டும் என்று பார்த்தால் வருஷத்தில் பாதிக்கு மேல் போய்விடும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத சின்ன எஞ்சினில் இந்த இன்டேக் கூட்டித் தரும் சக்தியும் கொஞ்சம்தான், சத்தம்தான் கூடுதல். பாக்ஸின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருந்தால், அதை அடைத்துவிடாதீர்கள்.

இன்டேக் கட்டாயம் வேண்டும் என்றால், கீழே போகும் குழாயைக் கழற்றிவிட்டு, ஃபில்டரை எஞ்சின் அறைக்குள்ளேயே மேலே வைக்கும் குட்டைக் குழாய் வகைக்கு மாறுங்கள். கொஞ்சம் சூடான காற்று போகும், பரவாயில்லை. ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே பொருத்தும் பைபாஸ் வால்வும் கிடைக்கிறது. ஃபில்டர் முங்கியதும் குழாய்க்குள் இழுப்பு கூடும். அப்போது வால்வின் ரப்பர் திறந்து மேலிருந்து காற்றை விடும். ஆனால் வால்வும் முங்கிவிட்டால் பயனில்லை. டர்போ வண்டிக்கு இது ஆகாது. ஃபில்டர் மேல் போடும் துணி உறை சாரலையும் டயர் அடிக்கும் தெறிப்பையும் தடுக்கும், முங்கினால் தடுக்காது. அதை நம்பித் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். இன்டேக் மாட்டும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று சக்கரத்துக்கு உள்பக்கமுள்ள பிளாஸ்டிக் லைனரை வெட்டியிருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள். என் வண்டியில் அதை வெட்டியிருந்தார்கள், எனக்குச் சொல்லவில்லை.

ஓட்டும்போது நிற்கும் ஆழத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். எதிரே பஸ்ஸோ டிப்பரோ வந்தால், அது கடந்து அலை அடங்கும் வரை கரையிலேயே நில்லுங்கள். பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். இறங்கினால் முதல் கியரில், ஒரே சீராக, நடக்கும் வேகத்தில் போங்கள். வேகமாகப் போனால் நம் வண்டி எழுப்பும் அலையே ஃபில்டருக்கு எமன். ஒழுகினசேரி, கோட்டார் பக்கம் தண்ணீர் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் சுற்றிப் போங்கள், இல்லை வண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள்.

தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே ஆபத்துதான். நியூட்ரலில் போட்டு நாலு பேரை வைத்துக் கரையேற்றி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். ஃபில்டரும் குழாயின் உள்பக்கமும் நனைந்திருந்தால் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் எஞ்சினைச் சுற்றவேண்டும். தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சி வெளியேறும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் சேர்த்த காப்பி நிறத்தில் தெரிந்தால் ஆயிலிலும் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது. வண்டி ஓடத் தொடங்கினாலும் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் சரியா என்று பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லிக் கேளுங்கள். இலேசாக வளைந்த ராட் சில மாதம் ஓடிவிட்டு, பிறகு பிளாக்கையே உடைக்கும்.

இன்சூரன்ஸ் பேப்பரை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சாதாரண பாலிசியில் வெள்ளச் சேதம் இருக்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், அதைத் தொடர் சேதம் என்று சொல்லிப் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். அதற்கென்று எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்ப்பு உண்டு, அதை நான் எடுத்திருக்கவில்லை. என் கிளெய்ம் தள்ளுபடியாகி, முழுப் பணமும் கையிலிருந்து போனது. சேர்ப்பை எடுக்கும்போதே இன்டேக் மாற்றியிருப்பதையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாத மாற்றத்தை, சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் கண்டுபிடித்தால் அந்தச் சேர்ப்பு இருந்தும் கிளெய்ம் சிக்கலாகும்.