விற்றுத் தரக் கொடுத்த காரும் கைக்கு வராத பணமும்

கேள்வி: மகளின் படிப்புச் செலவுக்காக எனது வாகன்ஆர் காரை வவுனியாவில் உள்ள வாகன விற்பனை நிலையமொன்றில் விற்றுத் தரும்படி விட்டேன். பதிவுப் புத்தகத்துடன், திகதியிடாமல் கையொப்பம் மட்டும் வைத்த உரிமை மாற்றப் படிவங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சில வாரங்களின் பின்னர் புதுக்குடியிருப்பில் எனது காரை வேறொருவர் ஓட்டிச் செல்வதை உறவினர் கண்டு சொன்னபோதே அது விற்கப்பட்டதை அறிந்தேன். விற்பனை நிலையக்காரர் கொடுத்த காசோலை வங்கியிலிருந்து திரும்பிவிட்டது. பொலிஸ் நிலையத்திலோ, "இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, சிவில் வழக்குப் போடுங்கள்" என்கிறார்கள். இது குற்றமில்லையா ஐயா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடந்திருந்தால் அது குற்றமே. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 388ஆம் பிரிவு, பிறர் நம்பி ஒப்படைத்த சொத்தை நேர்மையீனமாகத் தனதாக்கிக்கொள்வதையும், ஒப்படைத்தபோது செய்துகொண்ட உடன்பாட்டை மீறி நேர்மையீனமாக அதைக் கையாள்வதையும் குற்றவியல் நம்பிக்கை மோசடி என்கிறது. இதற்கு 389ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வணிகரோ தரகரோ முகவரோ தமது தொழிலின் போக்கில் ஒப்படைக்கப்பட்ட சொத்தில் இதைச் செய்தால், 392ஆம் பிரிவின்படி அது 10 ஆண்டுகள் வரை உயரக்கூடும். விற்றுத் தருவதையே தொழிலாகக் கொண்டவர் தமக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆனால் பொலிஸார் சொல்வதிலும் ஒரு காரணம் இருக்கிறது. காரை நீங்கள் விற்பனை நிலையக்காரருக்கே விற்று, அவர் விலையைத் தராமல் இருந்தால் அது வெறும் கடன்; அதற்கு மாவட்ட நீதிமன்றமே வழி. கார் உங்களுடையதாகவே இருக்க, உங்களுக்காக அதை விற்று, விற்ற பணத்தை உங்களிடம் சேர்க்க வேண்டியவராக அவர் இருந்தால்தான் நம்பிக்கை மோசடி என்ற பேச்சே எழும். "நீங்கள் கேட்ட தொகை உங்களுக்கு, அதற்கு மேல் வருவது எனக்கு" என்ற வாய்ப்பேச்சு நமது பகுதியில் சாதாரணமாக நடப்பதுதான்; ஆயினும் நீதிமன்றத்தில் "நானே வாங்கினேன்" என்று அவர் வாதிட அதுவே இடங்கொடுத்துவிடுகிறது. தரகுக் கூலி இவ்வளவு, மீதி முழுவதும் உரிமையாளருக்கு என்று ஒரே ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டிருந்தால் உங்கள் நிலை எவ்வளவோ பலமாக இருந்திருக்கும்.

அந்தத் தாள் இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. "எத்தனை பேர் வந்து பார்த்தார்கள்", "இந்த விலைக்குக் கொடுக்கலாமா" என்று அவர் உங்களிடம் கேட்ட வட்சப் செய்திகள், காரை விடும்போது உடன் வந்தவர், திரும்பிய காசோலையோடு வங்கி தந்த துண்டு ஆகிய யாவும் சான்றுகளே. முறைப்பாட்டில் "காசு தரவில்லை" என்று தொடங்காதீர்கள். விற்றுத் தரும்படி ஒப்படைத்ததையும், உங்களுக்கு அறிவிக்காமல் விற்றதையும், பணத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டதையும் அந்த ஒழுங்கிலேயே சொல்லி எழுதச்செய்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஏற்க மறுத்தால் மேலதிகாரிகளிடமும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும் எழுத்தில் முறையிடலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136ஆம் பிரிவு, நீதவானிடம் நேரடியாகவே முறையிடவும் இடமளிக்கிறது. எழுத்தில் கொடுப்பதானால் சட்டத்தரணி ஒருவர் அதைத் தயாரித்து ஒப்பமிட வேண்டும்.

புதுக்குடியிருப்புக்குப் போய்க் காரைப் பறித்துவர மட்டும் முயலாதீர்கள். இப்போது அதை வைத்திருப்பவர் முழு விலையும் கொடுத்து வாங்கிய அப்பாவியாக இருக்கக்கூடும். உங்கள் கையொப்பத்தோடு கூடிய படிவம் அவர் கையில் இருக்கிறது. அவரிடம் பண்பாகப் பேசி, யாரிடம் எவ்வளவு கொடுத்தார் என்பதற்கான பற்றுச்சீட்டின் பிரதியைப் பெற முடிந்தால், அதைவிடச் சிறந்த சாட்சியம் உங்களுக்குக் கிடைக்காது. உரிமை இன்னும் மாற்றப்படாதிருந்தால், நடந்ததை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். நாளை அந்தக் கார் விபத்தில் சிக்கினாலும் முதலில் தேடப்படுவது பதிவில் உள்ள உங்கள் பெயரே.

சிவில் வழக்கையும் கைவிடாதீர்கள். எழுத்திலில்லாத உடன்படிக்கைக்கு 3 ஆண்டுகள், எழுத்திலுள்ளதற்கு 6 ஆண்டுகள் என்பதே காலவரையறை. தவணையில் தருவதாக விற்பனை நிலையக்காரர் இறங்கி வந்தால், நீதிமன்றத்தில் திகதிகளோடு பதியச்செய்த பின்னரே உடன்படுங்கள். இத்தகையவர்கள் "அடுத்த மாதம்" என்று சொல்லியே காலத்தைக் கடத்துவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கேள்வி: 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியும் புதிய கார் எமக்கு எட்டவில்லை. விற்பனை நிலையமொன்றில் பழைய கார் பார்த்திருக்கிறேன். "ஓப்பன் பேப்பர் (உரிமையாளர் கையொப்பம் மட்டும் வைத்த மாற்றப் படிவம்) இருக்கிறது" என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, மாங்குளம்)

பதில்: பதிவுப் புத்தகத்தில் உள்ள உரிமையாளரோடு நீங்களே பேசாமல் முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள், தங்கச்சி. விற்கச் சொன்னாரா, என்ன விலைக்குச் சொன்னார் என்று கேளுங்கள். "பூரண உரிமையாளர்" என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான அந்த நிறுவனத்தின் கடிதம் வேண்டும். காரின் சட்டகத்தில் பொறித்துள்ள செசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, தரகுக் கூலியைத் தனியாகக் கொடுங்கள். விற்பனை நிலையம் இதற்கு மறுத்தால் அந்தக் கார் உங்களுக்கு வேண்டாம்.